புதன்கிழமை எடை

காலணியைக் கழற்றுகிறார் இன்னஸ் கெடஸ்.
பெல்ட்டை. சாவிக்கொத்தை.
போன வாரம் கைக்கடிகாரத்தையும் கழற்றி
என் மேசையில் வைத்தார்.
நான் சிரிக்கவில்லை.
நூற்று முப்பது கிலோ மனிதர்
நாற்பது கிராமுக்கு மல்லுக்கட்டும்போது
சிரிக்கக் கூடாது.

நாளுக்கு எண்ணூறு கலோரி, நான்கு பொட்டலம்.
வனிலா, சாக்லேட், கோழி சூப் என்று பெயர்.
எல்லாம் நனைந்த அட்டைப்பெட்டி ருசி என்கிறார்.
நானும் ஒன்றைக் கரைத்துக் குடித்துப் பார்த்தேன்.
அட்டைப்பெட்டியை அவமதிக்கிறார்.

முதல் நாளே டாக்டர்
சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்,
ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக்கினார்.
மிச்சமெல்லாம் என் அறையில், பதினைந்து நிமிடம்:
மலச்சிக்கல் உண்டா, தலை சுற்றுகிறதா, குளிர்கிறதா?
குளிர்தான்.
ஆர்ப்ரோத்தின் உறைபனிச் சாலைகளில்
விடிகாலை மூன்று மணிக்கு
உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறார்,
இரண்டு கம்பளிக்குள் நடுங்கியபடி.
"முதுகுக்குப் பின்னால் ஒன்பது டன் உப்பு.
தொட்டுத் தின்ன ஒரு உருளைக்கிழங்கு இல்லை."

ஐந்தாம் வாரம் பசி மூக்குக்கு ஏறிவிட்டது.
துறைமுகத்தில் மீன் புகைபோடும் கொட்டகைகளில்
எந்தப் புகை யாருடையது என்று
காற்று திரும்பினாலே தெரிகிறதாம்.

அன்று மாலை வாகன நிறுத்தத்தில்
அவர் மனைவி நெட்டா,
கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு
வெண்ணெய் தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.
ஐந்து வாரமாகச் சாப்பாடு காரில்தான்.
வீட்டில் அடுப்பே எரிவதில்லை.
"அவருக்குத் தெரியாது" என்றார்
மடியில் உதிர்ந்த துணுக்குகளைத் தட்டியபடி.

அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார் என்னிடம்:
காரில் ஏறியதும் மூச்சை மெல்ல இழுப்பாராம்.
"அதுதான் என் ஐந்தாவது பொட்டலம்.
அவளிடம் சொல்லிவிடாதீர்கள்."
இருவர் ரகசியமும் என்னிடம்.
கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் வாரம். பதினாறு கிலோ போயிருந்தது.
டாக்டர் எட்டிப் பார்த்துக் கைகுலுக்கினார்.
கன்னம் தொங்கிய இன்னஸ்
தன் அண்ணனைப் போல் இருந்தார்.
இனி உணவு, என்றேன். மெல்ல. முதலில் ஒரு வேளை.
அவர் முகம் வெளிறியது.

"பொட்டலத்தில் தப்புச் செய்ய வழியில்லை, சிஸ்டர்.
தட்டு என்றால்
நான் அதோடு தனியாக உட்கார வேண்டும்."

இதற்கு என்னிடம் துண்டுப்பிரசுரம் இருந்தது.
கொடுக்கவில்லை.

அடுத்த புதன் நெட்டாவும் வந்தார்.
முட்டையா மீனா என்று
என் எதிரிலேயே சண்டை,
மீன் என்றால் எந்தக் கொட்டகை மீன் என்று இன்னொன்று.
இருபத்தைந்து நிமிடம். வெளியே அடுத்தவர் இருமினார்.
காலணியைக் கழற்றவே இல்லை அவர்.
எடை பார்க்க மறந்துபோனோம்.