முன்னால் நடந்தது

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
நேரம். முன்னால் நடந்தது. நடந்தது. பின்னால் நடந்தது.
முன்னால் என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்தான்.

9.12. பென்சில் முறிந்தது.
9.40. பக்கத்துப் பிள்ளை கீறிய படம் கிழிந்தது.
10.05. மேசைக்கு அடியில். வரமாட்டாளாம்.
முன்னால் நடந்தது: தெரியாது. தெரியாது.
கணக்குப் பாடம்.

டெலானிக்கு ஏழரை வயது.
போன வருட ஆசிரியர் கோப்பை நீட்டியபோது
என் முகத்தைப் பார்க்கவில்லை.
அந்தக் கோப்பின் கனம்
பிள்ளையின் கனத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நான் பெரிய நல்லவள் இல்லை, சொல்லிவிடுகிறேன்.
அவளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்த காலைகளில்
கோப்பியை இரண்டு கையாலும் பிடித்து
ஆறுதலாகக் குடித்திருக்கிறேன்.

பயிற்சிப் பட்டறையில் யாரோ சொன்னார்கள்:
நாளுக்கு இரண்டு நிமிடம், பத்து நாள்,
அவளோடு கதை. பாடத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.
எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.
இரண்டு நிமிடம் இருந்தது,
இடைவேளைக்கு முன் பனிச்சப்பாத்து மாட்டும் நேரம்.

முதல் நாள் அவளுடைய சிப் சிக்கிக்கொண்டது.
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை,
சிப்பும் அசையவில்லை.
இரண்டாம் நாள்: "உங்கட கை மணக்குது."
வெங்காயம், என்றேன்.
நான்காம் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்,
நேற்றிரவு நூற்றுப் பன்னிரண்டு பெட்டி என்று.
டிரான்ஸ்கோனாவில் அவள் யன்னலுக்குப் பின்னால் தண்டவாளம்.
நித்திரை வராத பிள்ளை
சரக்கு ரயிலை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறது,
விடிய இரண்டு மணிக்கு.

முன்னால் நடந்தது.
கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் எழுதினேன்.

அதற்குப் பிறகு கடவையில் தடி இறங்கினால்
நான் திட்டுவதில்லை.
வினிபெக்கின் மைனஸ் முப்பத்தொன்றில், ஹீட்டர் இரைய,
தானிய வண்டி, எண்ணெய் வண்டி,
யாரோ பெயர் கிறுக்கிய வண்டி.
"இன்றைக்கு நூற்று நாற்பத்தாறு."
"பொய். பின் எஞ்சினையும் சேர்த்தீங்களா?"
சேர்த்திருந்தேன்.
"அது பெட்டி இல்லை, மிஸ்."

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ
என் கழுத்தட்டையை விரலால் குத்தி,
இதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.
சொன்னேன், ஒரே ஒரு முறை.
அவள் திருப்பிச் சொல்லவில்லை. கையுறையைத் தேடப் போய்விட்டாள்.

பத்து நாளும் முடிந்தன.
பதினோராம் நாள் கதிரை பறந்தது.

மற்றப் பதினெட்டுப் பேரும்
பழகிய வரிசையில் நூலகத்துக்குப் போனார்கள்.
மிச்சம் நான், அவள், கால் வளைந்த ஒரு கதிரை.
பள்ளிக்கூடம் முழுக்க நான் மிஸ் எம்.
அதிபருக்கும் மிஸ் எம். பஸ் சாரதிக்கும்.
பதினாறு வருடமாக யாரும் முயன்றதில்லை,
நானும் கேட்டதில்லை.
மேசைக்கு அடியிலிருந்து அவள் கத்தினாள்:
"எனக்கு உங்களைப் பிடிக்கவே இல்லை, மங்கையர்க்கரசி!"

ஓரெழுத்தும் சிந்தவில்லை.
நடுவிலுள்ள மேட்டில் எல்லோரும் தடக்குவார்கள்,
அவள் தடக்கவில்லை.
எத்தனை இரவு, எத்தனை பெட்டிகளுக்கு இடையில்
வாய்க்குள் உருட்டிப் பார்த்தாளோ.

சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடம் இல்லை அது.
தரையில் இருந்தேன், முழங்கால் சத்தம் போட்டது.
பிடிக்காட்டிப் பரவாயில்லை,
நாளைக்கும் சப்பாத்து மாட்ட வருவேன் என்றேன்.
பதில் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
ஒரு கால் வெளியே வந்தது,
பச்சைக் காலுறை, பெருவிரலில் ஓட்டை.
மற்றக் கால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.
அதையும் எழுதத்தான் வேண்டும், எழுதினேன்.
பின்னால் நடந்தது என்ற கட்டம் மட்டும்
வெறுமையாய்க் கிடக்கிறது. அதிபர் இருமுறை கேட்டுவிட்டார்.

இன்று திங்கள். தடி இறங்கிவிட்டது.
மணியடிக்க ஆறு நிமிடம், பிந்தத்தான் போகிறேன்.
எண்பத்தெட்டு.
எண்பத்தொன்பது.
பின் எஞ்சினைச் சேர்க்கக் கூடாது.