பாதை

விரிவுரையில் சொன்னது இவ்வளவுதான்:
பேச்சு வராத பிள்ளைக்குப் பேசும் பலகை.
படத்தைத் தொட்டால் சொல் வரும்.
வந்தாறுமூலையில் புரொஜெக்டர் சூடேறி
தானாக அணைந்த ஒரு பிற்பகல்
மீதியைக் கையேட்டில் பார்க்கச் சொன்னார்கள்.

மீதி கையேட்டில் இல்லை.

டெப்லெட்டை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி,
மோட்டார் சைக்கிள்களுக்கும்
மீன் பெட்டிகளுக்கும் நடுவே நின்று
குருமண்வெளித் துறையிலிருந்து
ஆறு வாரம் வாவியைக் கடந்தேன்.

அக்கரையில் பள்ளிக்கூடம்.
விசேட கல்வி அலகென்பது பழைய களஞ்சிய அறை;
ஒரு மூலையில் உடைந்த கதிரைகள்
இன்னும் குடியிருந்தன.
ஏழு பிள்ளைகள். ஒரே ஒரு பிளக்.

யதுர்சனுக்கு ஒன்பது வயது.
செயலிக்குள் அப்பிள் இருந்தது, தொட்டான்.
பனிமனிதன் இருந்தான்,
யாரென்று கேட்காமலே சேர்த்துக்கொண்டான்.
பாதை என்ற படத்தில்
இரு பக்கமும் மரம் வைத்த கறுத்த தார் வீதி.
செய்தி வாசிக்கும் குரலொன்று
“பாதை” என்றது.
டெப்லெட்டைத் தள்ளிவிட்டான்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பதிவேட்டில் எழுதினேன்:
மறுப்பு நடத்தை, மூன்று தடவை.

வியாழக்கிழமை அவனைக் கூட்டிப்போக வந்த தாய்
எட்டிப் பார்த்தாள்.
“பாதையெண்டா நாங்க ஏறி வாறதுதானே டீச்சர்.
இது றோட்டு.”

காலையிலும் மாலையிலும்
அதில் ஏறி இறங்கிய கால்கள் எனக்கும் இருந்தன.
கையேடு ஏறியிருக்கவில்லை.
அதை நம்பி நானும்
ஏறாதவள் போல இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே படம் எடுத்தேன்:
கறள் பிடித்த கம்பி, பலகைத் தளம்,
ஓரத்தில் ஓட்டுநரின் பாதி முழங்கை.
வெட்டி எறியவில்லை.
தாயின் குரலில் சொல்லைப் பதிந்தேன்.
கூடவே ஒரு காகமும் பதிந்தது.

மேற்பார்வை நாள்.
பாடம்: நிறங்கள்.
சுகிர்தகலா மெடம் பின்னால்,
இருந்ததில் நல்ல கதிரையில்.
நான் சிவப்புக் கோப்பையைத் தூக்கினேன்.
பாதை, என்றது டெப்லெட். கா.
மஞ்சள் கோப்பை.
பாதை. கா.
பார் மகன், இது என்ன நிறம்?
பாதை கா பாதை கா பாதை.
ஜன்னலோரம் இருந்து சில்மியா
சிரிப்பை அடக்கி எண்ணினாள்: முப்பத்தேழு.

கற்றல் பேறு: அடையப்படவில்லை.
சாதனப் பாவனை: கவனத்தைச் சிதறடித்தது.
மெடம் எழுதியது பிழையென்று சொல்லமாட்டேன்.
அந்தப் படிவத்தில் அவ்வளவுதான் இடமிருந்தது.

எழுதி முடிக்குமுன் யதுர்சன் எழுந்தான்.
பையை மாட்டினான், வாசலில் நின்றான்.
பிறகுதான் எங்களுக்கு
வாவிப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது.
முப்பத்தேழு தடவை சொல்லிவிட்டான்:
அது வெளிக்கிட்டுவிட்டது,
வருகிறது,
அம்மா அதில் நிற்கிறா.

மெடமுக்கும் அதே பாதையைத்தான் பிடிக்க வேண்டும்.
கையொப்பம், திகதி, இன்னொரு கையொப்பம் என்று
நாங்கள் துறைக்கு ஓடி வர
அது பாதி வாவியில் போய்க்கொண்டிருந்தது.
தாயின் பக்கத்தில் அவன்,
எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது முக்கால் மணித்தியாலத்தில்.
மெடம் படிவத்தால் விசிறிக்கொண்டு நின்றார்.
“பிள்ளை சொன்னது எங்களுக்கு விளங்கேல்ல, என்ன?”
பேனையை எடுத்தார்.
எந்தப் பெட்டிக்குள் எழுதுவதென்று தெரியாமல்
ஓரத்தில் ஏதோ எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

“இஞ்ச பாலம் வரப்போகுதாம்,” என்றாள் சில்மியா.
வரட்டும், நல்லது.
அப்போது அந்தப் படத்தை மாற்ற வேண்டும்.
அவனைக் கேட்டுத்தான்.

டெப்லெட்டில் நான்கு வீதம் மிச்சமிருந்தது.
ஒருமுறை தொட்டேன்.
காகம் மட்டும் கேட்டது.