கூட்டம் நடந்த இடம்: மணல்

புதன்கிழமை, காலை பத்து மணி.
பன்னிரண்டு வருடமாக எங்கள் பெற்றோர் கூட்டம்
அந்த மணியிலேயே குந்தியிருக்கிறது.
அதிபருக்கு வசதி, கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு வசதி,
கன்ரீன் தேநீருக்கும் வசதி.

கச்சான் தொடங்கப் பேசாலையிலிருந்து வந்து
சல்லிக் கரையில் வாடி போடுகிறவர்களில்
ஒருவரும் அதற்கு வந்ததில்லை.
அவர்களின் பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்த பெயர்
தவணைப் பிள்ளைகள்.
சித்திரை கழிய வரும், வாடைக்கு முன்னம் போகும்.
இடாப்பில் பென்சிலால்தான் எழுதுவோம்.

அன்சலாவின் தேர்ச்சி அறிக்கையில்
பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்துக்குள்
ஒரு சுழி, அதற்கு வால் வைத்து.
போன வருடமும் அதே சுழி.
பிள்ளை தானே போட்டிருக்கிறது என்று
பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.
"பெற்றோருக்கு அக்கறை இல்லை"
சிவப்புப் பேனையால் எழுதினேன்.
அன்று மத்தியானச் சோறு
நன்றாகத்தான் இறங்கியது.

முறைப்பாடு சொல்லத்தான் போனேன்.
ஸ்கூட்டியைப் பனையோடு சாய்த்துவிட்டு,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
வலையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர்
சூடை கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
தெருவில் கூலர் லொறி, ஹோர்ன் அடித்தபடி.
நேரம் பார்த்தேன்: சரியாகப் பத்து.

"எழும்ப ஏலாது ரீச்சர், கை வலைக்குள்ள.
இப்பிடிக் குந்துங்கோ" என்றா எமரென்சியா.
சேலையோடு குந்தினேன்.
கணிதம் அறுபத்தொன்று, தமிழ் நாற்பத்தெட்டு என்றேன்.
அவ நிமிரவில்லை.
"அதிருக்கட்டும். வகுப்பில கதைக்கிறவளோ?"

மூன்றாம் வரிசை, யன்னல் பக்கம்,
அறுந்த செருப்பு வாருக்குக் குத்திய ஊசி,
கொப்பி மூலையில் ஒட்டியிருந்த செதிள்,
எல்லாம் ஞாபகம் வந்தது.
குரல் வரவில்லை.

யாரோ வாடிக்குள் போய் ஒரு பை எடுத்து வந்தார்கள்.
நாங்கள் அனுப்பிய அறிவித்தல்கள் அத்தனையும்
கசங்காமல், பாய்க்குக் கீழே வைத்த தட்டையோடு.
எங்களுடையவை மட்டுமில்லை,
பேசாலைப் பள்ளிக்கூடத்தினதும்.
"அவளைத்தான் வாசிக்கச் சொல்லிறது.
ஒண்டுமில்லையம்மா எண்டுவாள்."
தகப்பன் லெம்பேட் சிரிக்காமல் சொன்னார்,
"கூட்டமெண்டால் காசு கேப்பியள் எண்டு நினைச்சம்."
கேட்டிருப்போம். அதுவும் உண்மை.

ஒவ்வொன்றாக வாசித்தேன்.
தடுப்பூசி. விளையாட்டுப் போட்டி. புலமைப்பரிசில் கருத்தரங்கு.
எல்லாத் திகதியும் கடந்து போயிருந்தது.

பேச்சை மாற்ற அறிக்கையை நீட்டி,
இதில ஒரு கையெழுத்து, என்றேன்.
எமரென்சியா கையைக் கடலில் அலம்பி,
பாவாடையில் இரண்டு தரம் துடைத்து,
பேனையைக் கத்திபோலப் பிடித்து
மெதுவாக, மூச்சை அடக்கி, போட்டா:
ஒரு சுழி. பிறகு வால்.

நான் கொண்டுபோன முறைப்பாட்டை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த கிழமைக் கூட்டக் குறிப்பு:
நேரம், லொறி போன பிறகு.
இடம், மணல்.
வரவு, பதினொரு பெற்றோர்.
தீர்மானம், அறிவித்தல்களை இனிமேல்
குரலில் பதிந்து போனுக்கு அனுப்புவது.
அதிபர் "மணல்" என்பதன் கீழே கோடிழுத்து
ஒரு கேள்விக்குறி போட்டார்.
தந்துவிட்ட ஒரு பை சூடையை
நான் குறிப்பில் எழுதவில்லை.

சிவப்பில் எழுதினதை அழிக்கக் கூடாதாம்.
வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும்.
வெட்டினேன். கீழே இருப்பது
இன்னும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது.

ஐப்பசியில் விடுகைப் பத்திரத்தோடு
ஒரு துண்டும் வைத்து அனுப்பினேன்:
பேசாலை ரீச்சருக்கு,
இந்தப் பிள்ளை முதல் தரம் கேட்டால் சொல்லாது,
இரண்டாம் தரம் கேளுங்கள்.
தாய் வருவா.
எத்தனை மணிக்கென்று
அவவைக் கேட்டுவிட்டு வையுங்கள்.