பொருள்: தடுப்புச்சுவர் கோருதல் – தொடர்பாக

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கும்
கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில்
ஆறடிக்கு எட்டடி என் கடை.
திங்கட்கிழமையானால்
மதுரை மாவட்டத்துக் குறையில் பாதி
என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும்.

முதல் பக்கம் நாற்பது ரூபாய். இரண்டாம் பக்கம் அறுபது.
ஏன் ஏறுது என்று கேட்பார்கள்.
இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை,
படிக்காததை அடிக்க விரல் அதிகமாக வலிக்கிறது.

அனுப்புநர். பெறுநர். பொருள்.
மூன்றாவதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள்.
பொருள் என்னங்க என்றால்
பங்காளிச் சண்டையை எண்பத்தேழிலிருந்து எடுப்பார்கள்.
குறுக்கே விழுவேன்:
பட்டா வேணுமா, பாதை வேணுமா, தண்ணி வேணுமா?
'வேணும்' எங்கே வருதோ
அதைத் தூக்கி உச்சியில் வை.
'சொல்லொணாத் துயரம்' அடிக்கச் சொன்னால்
சொல்ல முடியாததற்கு எதற்கு நாற்பது ரூபாய்?
தெருவிளக்கு எரியவில்லை என்பது புலம்பல்.
பதினான்காம் கம்பத்தில் எரியவில்லை என்றால்
ஏணியோடு ஒருத்தன் வந்தாக வேண்டும்.

ஜெபமாலை வந்தது ஐப்பசியில், நசநசவென்று தூறிய ஒரு திங்கள்.
செக்கானூரணி தாண்டி உள்ளே போகிற ஊர்.
'அன்னிக்கு அயிரை மீன் வாங்கியிருந்தேன்' என்று தொடங்கினார்.
மீனு இருக்கட்டும்க்கா, பாலத்துக்கு வாங்க.
கால்வாய்ப் பாலம். சுவர் இடிந்து மூன்று வருடம்.
இருட்டு. டிவிஎஸ் வண்டி. வீட்டுக்காரர்.
ஏழே நிமிடம். அடித்து முடித்தபோது
ஒரு சொல்லை உருவ முடியாது,
எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.
'எல்லாம் சரிதான் தாயி.
இதுல அவரு எங்க?'

'மேற்படி நபர்' என்று அடித்திருந்தேன்.

அழித்தேன். சவரிமுத்து, வயது 46,
செங்கல் சூளையில் கணக்கு.
பிறகு நானே கேட்டேன், அந்த மீனைச் சொல்லுங்க.
'இரவு எட்டரை மணிக்கு, ஆறிய குழம்பை
இரண்டாம் முறை சுட வைத்தபோது தகவல் வந்தது.'
அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.
இன்னொன்று வைத்திருந்தால் கதையாகியிருக்கும்.
கதைக்கு அதிகாரி உச்சுக்கொட்டுவார்,
கையெழுத்துப் போடமாட்டார்.

பதினோரு மாதம் கழித்து அதே ஸ்டூலில்
ஒன்றியக் கவுன்சிலர் ஒச்சுக்காளை.
பத்திரிகைச் செய்தி, நாளைக்கே படத்தோட வரணும்.
சொல்லச் சொல்ல அடித்தேன்:
ஒன்பது பேர், பட்டங்களோடு,
பொன்னாடை,
'மக்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று'...
நான்காம் பத்தியில் ஓரமாக நின்றது சுவர்.

அண்ணே, பேப்பர்காரங்க கீழேயிருந்துதான் வெட்டுவாங்க.
சுவரு மேல வரட்டும்.
'வரட்டும். என் பேரும் மேல வரணும்.'
சரி. எந்தப் பாலம்னு போட?
'அதான், நம்ம சவரிமுத்து பாலம்.'
யோசிக்காமல் சொன்னார்.
ஊரே இப்போது அப்படித்தான் சொல்லுதாம்,
டவுன் பஸ் கண்டக்டர்கூட.

அடைமொழியை வெட்டுவார்கள்.
வாழ்த்தை, நன்றியுரையை, கண்ணீரை வெட்டுவார்கள்.
ஆளைக்கூட வெட்டலாம்.
எங்கே என்பதை வெட்டினால் செய்தி நிற்காது.
முதல் பத்தியில், முதல் வரியில்
முதல் சொல்லாக அடித்தேன்.
இதற்கு மட்டும் நிறுத்தி, இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மறுநாள் ஏழாம் பக்கம், எட்டு வரி.
படம் இல்லை. பொன்னாடை இல்லை.
ஒன்பது பேரில் ஒருவர்தான் மிச்சம்,
அவர் பெயரிலும் ஒற்று விழுந்துவிட்டது: 'ஒச்சுகாளை'.
சண்டைக்கு வருவார்.
நான் சரியாகத்தான் அடித்தேன் என்று காட்ட
ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.
இன்னொன்று
ஜெபமாலை இந்தப் பக்கம் வந்தால் கொடுக்க.