உறவு என்ற கட்டம்

ஒத்தக்கடையில் வாங்கிய பரோட்டாப் பொட்டலம்
மடியிலேயே இருந்ததால்
மேலூருக்கு முன்னால் இறங்கும்போது
சேலையெல்லாம் சால்னா வாசம்.

மலையடியில் தகரக் கொட்டகை.
தொல்லியல் துறைக்கு ஒரு பலகை,
வனத்துறைக்கு ஒரு பலகை,
நடுவில் சாக்பீஸில்
கூடாரம் இருவருக்கு அறுநூறு. மூவருக்கு இல்லை.
"ஒடுங்கிப் படுத்துக்கிருவோம்" என்றார் இருளாண்டி.
யாரோடு யார் ஒடுங்குவது என்று
யாரும் கேட்கவில்லை.

காவலர் அழகுமலை நீட்டிய பேரேட்டில்
பெயர், வயது, ஊர், உறவு.
இருளாண்டி, நாற்பத்தாறு, திருநகர், குடும்பத் தலைவர்.
ஓவியா, பதிமூன்று, மகள்.
ஜெயசுதா, முப்பத்தொன்பது,
அந்த இடத்தில் பேனா நின்றது.
மனைவி என்று எழுதலாம்,
பதிவாகி எட்டு மாதம்.
ஆனால் என் தோளுக்கு மேலாக
அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பொறவு எழுதுறேண்ணே."
நல்லவேளை, அழகுமலைக்கு ஒரு போன் வந்தது.

குகை என்றதும் இருட்டை எதிர்பார்த்திருந்தேன்.
பாறை புருவம் நீட்டிய நிழல், அவ்வளவுதான்.
மழைநீர் உள்ளே வழியாதிருக்க
அதன் நெற்றியில் ஒரு வரி வெட்டியிருந்தது.
தரையில் படுக்கைகள். கல்லில்.
ஐந்து. தலைமாடு மட்டும் ஒரு விரல்கடை உயரம்.
ஒன்றுமே சேர்த்துவைக்காதவர்கள்
ஈராயிரம் வருஷத்துக்கு முன் தங்கிய இடமாம்.
"அப்ப இதுதான்ப்பா முதல் கேம்ப்" என்றாள் ஓவியா.
நானும் சிரித்தேன்.
அது அவள் கணக்கில் ஏறவில்லை.

மேலே எழுத்து.
கூட்டல் குறிபோல் இருப்பதுதான் 'க' என்றது பலகை.
இன்ன ஊர், இன்னான் கொடுத்தது.
அவன் பெயரில் பாதி பெயர்ந்துபோயிருந்தது.
படுத்தவர் பெயர் எங்குமே இல்லை.
ஸ்பின்னிங் மில்லில் பற்றுவரவு எழுதுகிறவள் நான்;
'யாருக்கு' என்ற இடத்தை விட்டுவிட்டு
இத்தனை காலம் செல்லுபடியாகும் ஒரு பதிவை
அன்றுதான் பார்த்தேன்.

இரவு.
கூடாரத்துக்குள் இட்லிச்சட்டிப் புழுக்கம்.
ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, கொசு சிக்கவில்லை.
மலைமேல் ஒரு மயில்
யாரோ வாசற்கதவை இடித்ததுபோல் அலறி ஓய்ந்தது.
அப்புறம் என் முழங்கையில் ஒரு விரல்.
"டார்ச் வச்சிருக்கீங்களா?"
அவள் அப்பாவை எழுப்பவில்லை.
நடுவில் குறட்டையாய்க் கிடந்த அவரைத் தாண்டி
என்னை எழுப்பியிருக்கிறாள்.

கழிப்பறைக்கு முந்நூறு அடி. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்,
வெளிச்சத்தைப் புதர்ப்பக்கம் திருப்பி.
"இருக்கீங்களா?"
இருக்கேன்.
தண்ணீர்ச் சத்தம்.
"இருக்கீங்களா?"
இருக்கேன் இருக்கேன்.
மூன்றாவது தடவை அவள் கேட்டபோது
ஒரு கீரி குறுக்கே ஓடியது.
அதைச் சொல்லவில்லை. இருந்தேன்.

திரும்பிப் போய்ப் படுக்கப் பிடிக்கவில்லை இருவருக்கும்.
பாறையில் உட்கார்ந்தோம்.
கடைசித் தோசை எடுத்த கல்லைப்போல்
அது இன்னும் சூடு விட்டுக்கொண்டிருந்தது.
கிரானைட்டுக்கு அறுத்த எதிர்மலை
தேய்ந்த சோப்புக்கட்டியாய் வெளுத்திருக்க,
தென்மேற்கில் மதுரை
அடிவானத்தில் மஞ்சளாய்க் கசிந்தது.
"நம்ம வீடு அங்கதான?"
நம்ம என்றாளா, எங்க என்றாளா,
காற்று.
திருப்பிக் கேட்கவில்லை நான்.

காலையில் இருளாண்டி
கூடாரம் முழுக்கத் தனக்கே என்று விரிந்துகிடந்தார்.
ஓவியா பாட்டிலோடு தண்ணீர் பிடிக்கக் கொட்டகைக்குப் போனவள்
வர நேரமாயிற்று.

கணக்கு முடிக்கும்போது பேரேட்டை விரித்தேன்.
என் பெயருக்கு நேரே
ஜிகினாப் பேனாவில், பச்சையில்:
கூட வந்தவங்க.
கட்டத்துக்குள் அடங்காமல்
கடைசி எழுத்து அடுத்த வரிக்குள் இறங்கியிருந்தது.
மில் பழக்கம்;
பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

முளையாணி ஒன்று வளைந்ததற்கு
முன்பணத்தில் ஐம்பது பிடித்துக்கொண்டார் அழகுமலை.
நியாயம்தான்.
கீழே பாறை என்று தெரியாமல்
ஓங்கி ஓங்கி அடித்தவள் நான்.