ஏப்ரலில் அணைக்க வேண்டியவை

சேன்-லூயிக் கோயிலுக்குச்
சித்திரை விளக்கு கட்டுகிறவன் நான்.
பதினோரு வருடமாக அதே ஏணி,
அதே கறுப்பு டேப்,
மூன்றாம் நிலையில்
தலையில் இடிக்கிற அதே யாளி.

இந்த வருடம் சீரியல் செட்டின் சிக்கலைப்
பிரித்துக்கொண்டிருந்தபோது
கயேல் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள்.
மதாம் தேஷேர் கொடுத்தது:
ஏப்ரல் முழுக்க வெளிவிளக்கு வேண்டாம்.
மலைப்பொந்துக் குஞ்சுகள்
முதன்முதலாய்க் கடலுக்கு இறங்கும் மாதம்.
இருட்டில் எது மினுக்குகிறதோ
அதைக் கடல் என்று நம்பும்.

"உன் கோபுரம் அசல் கடல் மாதிரி, பப்பா."
பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஊரடங்கு.
வாசல் விளக்கு போயிற்று. மாடிப்படி விளக்கு போயிற்று.
ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குட்டி பல்பின்மேல்
பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.
கதவை மூடினால் அது தானே அணையும், கயேல்.
"மூடின பிறகு உள்ளே போய்ப் பார்த்தாயா?"
அவளுக்கு வயது ஒன்பது.
பதினெட்டு வருடம் மின்சாரவேலை பார்த்தவனிடம்
பதில் இல்லை.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்
சரிபார்க்கத்தான் எரியவிட்டேன்,
அரைமணி நேரம்கூட இராது.
ரவுண்டானாவில் ஒரு கார் கிறீச்சிட்டது.
வெள்ளைக்கோட்டின்மேல்
நனைந்த காலுறை மாதிரி ஏதோ கிடந்தது.
தூக்கினேன். என் சட்டை முழுக்க
மீனெண்ணெயைக் கக்கியது.
நாலு தடவை துவைத்தும் அந்தச் சட்டையைப்
பூனைகள்தான் விரும்புகின்றன.

கயேலுக்கு எல்லாம் மனப்பாடம்.
தண்ணீர் கூடாது. தீனி கூடாது.
வானத்தில் வீசிப் பறக்கவிடவே கூடாது.
அட்டைப்பெட்டி, இருட்டு, ஒரு தொலைபேசி எண்.
பல்புகள் வந்த பெட்டியே அளவாக இருந்தது;
எந்தப் பக்கம் மேலே என்ற அம்புக்குறியோடு.

இதன் பேரென்ன? "தாய்-வான்" என்றாள்.
காற்றை வெட்டுவது, எங்கள் கிரியோலில்.
ஞாயிறு வகுப்பில் கற்ற என் அரைத் தமிழுக்கோ
தாய் என்றும் வான் என்றும் கேட்டது.
திருத்திக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு படிவம்.
பிறந்த இடம்: பொந்து, மேகத்துக்கு மேலே.
வசிப்பிடம்: கிழக்கே, சுமத்ரா பக்கம், சரியாகத் தெரியாது.
பேசும் மொழி: கக்குதல்.
குடியுரிமை என்ற இடத்தில்
ரப்பரால் அழித்து அழித்துத் தாளே ஓட்டை.
ஓட்டையைச் சுற்றி மதாம் தேஷேர்
சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.
தப்பா சரியா, எழுதவில்லை.

கமிட்டியில் பேச்செடுத்தேன்.
"விளக்கில்லாமல் வருடப்பிறப்பா?
கப்பலில் வந்தவர்கள் கட்டிய கோயிலய்யா இது"
என்றார் பொருளாளர் விராப்பின்.
அவர்களும் ஏதோ வெளிச்சத்தை நம்பித்தானே இங்கே இறங்கினார்கள் -
நாக்குநுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
எட்டு மணிவரை எரியலாம் என்று முடிவாயிற்று.
எனக்குக் கைதட்டலும் இல்லை, வசவும் இல்லை.

எட்டுக்கு லீவரை இழுத்தேன்.
கரண்ட் போச்சா, என்றது கூட்டம்.
"போகல, நாங்கதான் அணைச்சோம்!"
நாலாம் வகுப்பு முழுக்கக் கத்தியது.
குருக்கள் தட்டில் கற்பூரம் மட்டும்.
எங்கள் தலைக்குமேல் ஏதாவது கடந்துபோனதா?
இருட்டில் எப்படித் தெரியும்.

பெட்டிக்காரனைக் காலில் வளையம் மாட்டி
எத்தாங்-சலேயில் கடலோரம் விட்டார்கள்.
கிளம்பும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஐந்து வருடம் கழித்து அதே மலைக்கு வருமாம்.
கயேலுக்கு அப்போது பதினான்கு;
என்னோடு பேசுவாளோ என்னவோ.

சூப்பர்மார்க்கெட் வாகன நிறுத்தம்
இன்றைக்கும் விடியவிடிய எரிகிறது.
வகுப்பு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.
இரண்டாவது கடிதம் எங்கள் சமையலறை மேசையில்,
திரையை இழுத்துவிட்டு, சின்ன விளக்கில்.
பேனாவைக் கடித்தபடி நிமிர்கிறாள்:

பப்பா,
"தயவுசெய்து"வை அடித்துவிடட்டுமா?