டன்லீவிஸ் பாக்கெட்

கடலோரக் கரும்பை விட்டு மலைப்பாதை ஏறுகையில்
நூற்றுப் பத்தாவது வளைவில்
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
காது அடைத்தது. திறந்தது.
பிறகு சொல்லாமல் கொள்ளாமல்
மலை தட்டையாகிவிட்டது.

உச்சி என்று எதுவும் இல்லை.
செம்மண், அறுத்துப்போட்ட சோளத்தட்டை,
ஈரப்புல்லில் கறுப்பு வெள்ளைப் பசுக்கள்.
எல்லாமே ஒரே பக்கம் திரும்பி
தூறலுக்கு முதுகைக் கொடுத்து நின்றன.
வெப்பமண்டலம் என்று நம்பி
அரைக்கைச் சட்டையில் வந்திருந்தேன்.

வரைபடத்தில் அது ஊர்.
வந்து பார்த்தால் ஒரு பலகை.
டன்லீவிஸ் பாக்கெட்.
காட்டின் மடிப்புக்குள் பதினோரு வீடுகள்,
எப்போதோ போட்டு மறந்த சில்லறை போல.
பூட்டிய சமூகக்கூடம் ஒன்று.
கதவில் சுண்ணக்கட்டி எழுத்து:
சாவி எதிர்வீட்டில்.
எதிரே வீடில்லை. பசுக்கள்தான்.

சாலை முனையில் தகரக்கூரைக் கடை.
கடைக்காரர் இல்லை.
அவகாடோ, பை ஐந்து டாலர்.
கம்பியில் கட்டிய பால்பவுடர் டப்பா,
மூடியில் காசு நுழைய ஒரு கீறல்.
என்னிடம் இருந்தது ஒற்றை இருபது.

யாரும் பார்க்கவில்லை என்பதே
யாரோ பார்ப்பது போலிருந்தது.
நோட்டை நாலாக மடித்துத் தள்ளி
ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டேன்.

எரிமலை வாய்க்குள் நிறைந்த ஏரி.
வண்டியை நிறுத்தி இறங்கவும்
பின்னால் ஹாரன்.
சேறு பூசிய பிக்கப், பின்தட்டில் நாய்.
"இருபது போட்டது நீங்கள்தானே?"
எப்படித் தெரியும் என்றேன்.
"இன்றைக்கு வந்த வண்டியே ஒன்றுதான்."

பெயர் ரெனாட்டோ பெர்தொலின்.
மீதி பதினைந்தைத் தர வந்திருக்கிறார்.
சில்லறை மட்டும் இல்லை.
பாக்கெட் என்று பெயர் வைத்த ஊரில்!
மூன்று பைகளை என் கையில் திணித்தார்.
"இப்போது கல்லு மாதிரிதான். வியாழன் பழுக்கும்."

அன்று திங்கள். என் விமானம் புதன்.
அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
நாய் குரைக்க, வண்டி திரும்பிவிட்டது.

அப்புறம் நான் அந்த மேட்டுநிலத்தைப் பார்த்ததெல்லாம்
நாலு பை காய்களோடுதான்.

ஏரிக்கரையில் ரேஞ்சர் லியோனா
இந்தத் தண்ணீர் எப்படி வந்ததென்று
தன் மக்கள் சொல்லும் கதையைச் சொன்னாள்.
அது அவள் சொல்ல வேண்டியது,
நான் எழுதப்போவதில்லை.
ஆறு காய் எடுத்துக்கொண்டாள்.
வீட்டில் மகன் ஒருவனே நாலு தின்பானாம்.

அந்தியில் ஓடைப்பாலத்தில்
பிளாட்டிபஸ்ஸுக்காக ஒருவர்
மூச்சை அடக்கிக் குனிந்திருந்தார்.
இரண்டு காய்களை நீட்டினேன்.
திரும்பாமலே உதட்டில் விரல் வைத்தார்.
மற்றக் கை மட்டும் பின்னால் வந்து
வாங்கிக்கொண்டு போனது.
தண்ணீரில் குமிழிகள்.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.
இருவருமே பார்த்ததாகத் தலையாட்டிக்கொண்டோம்.

விடுதிக்காரி கோரல் பாதியை வாங்கி
வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு
முகவரியில்லாத கடிதம் போல
அலமாரிக்குள் தள்ளினாள்.
இரவு எட்டு டிகிரி.
ஜன்னலோரம் வரிசையாக வைத்த மிச்சத்தை
ஹீட்டர் வெளிச்சத்தில்
ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன்.
ஒன்றும் இளகவில்லை.

புதன் காலை கொடுக்க ஆளில்லாமல்
கையில் ஒன்று தங்கியது.
பதினாலு கிலோமீட்டர் சுற்றிப்போய்
அந்தப் பால்பவுடர் டப்பாவின் தலையில் வைத்தேன்.
கடை காலி. தூறல் அதேபடி.
பசுக்கள் மட்டும் இன்று
வேறு பக்கம் திரும்பியிருந்தன.
எனக்கும் டப்பாவுக்கும் இடையில்
கணக்கு இன்னும் நேராகவில்லை,
யார் யாருக்குப் பாக்கி என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை வேறொரு நகரத்தில்
ஒன்பதாவது மாடிக் கூட்டத்தில் இருந்தேன்.
யாரோ எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.
மேஜைக்கடியில் என் கட்டைவிரல்
இல்லாத ஒன்றின் காம்போரம்
மெல்ல அழுத்திப் பார்த்தது.